பசுமைக் கட்டடம்: புனேயின் சலுகைகளும் வல்லுநர் சான்றுகளும்

ஒரு கட்டடம் தன் ஆயுட்காலம் முழுவதும் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கும் என்பது பெரும்பாலும் அது வரைபடமாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. சன்னல்கள் எந்தத் திசையை நோக்கி அமைகின்றன, மேற்குச் சுவர் எதனால் எழுப்பப்படுகிறது, கூரைக்கு வெப்பத்தடுப்பு உண்டா, மின்தூக்கியும் நீரேற்றும் பம்பும் எத்தகைய திறனுடையவை என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் கட்டுமான நிறுவனத்தார். அந்தத் தீர்மானங்களின் விலையைப் பல பத்தாண்டுகளுக்கு மாதந்தோறும் மின்கட்டணமாகச் செலுத்துபவர் அங்கே குடியேறுபவர். முன்னவருக்குச் சிக்கனத்தால் ஆதாயமில்லை. பின்னவருக்குத் தீர்மானத்தில் பங்கில்லை. பொருளியலார் பிளவுண்ட ஊக்கம் என்று குறிப்பிடும் இந்த நிலையைச் சரிசெய்வதற்காகவே அரசுகளும் உள்ளாட்சிகளும் பசுமைக் கட்டடங்களுக்குச் சலுகைகளை அறிவிக்கின்றன. அச்சலுகைக்கு உரிய கட்டடம் எது என்று கண்டறிந்து சொல்லும் பொறுப்பைத் தரமதிப்பீட்டு அமைப்புகளும், அவற்றிடம் தேர்வெழுதிச் சான்று பெற்ற வல்லுநர்களும் ஏற்கின்றனர். இந்த ஏற்பாடு பிளவை உண்மையில் குறைத்திருக்கிறதா என்பதை ஆராய இந்திய நகரங்களுள் புனே மிகப் பொருத்தமானது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் தக்காணப் பீடபூமியின் மேற்கு ஓரத்தில் அமைந்த இந்நகரில் சித்திரை, வைகாசி வெயில் கடுமையானதே எனினும், இரவு வெப்பம் இறங்கிவிடுவதால், நிழலும் காற்றோட்டமும் முறையாக அமைந்த வீட்டில் குளிர்சாதனமின்றி ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்க இயலும். ஆற்றல் சிக்கனச் சட்டத்தை மாநிலத்தில் நடைமுறைப்படுத்தும் பொறுப்புடைய மேடா என்னும் மகாராஷ்டிர ஆற்றல் வளர்ச்சி முகமையின் தலைமையகம் இங்கேதான் உள்ளது. மின்துறைக் கொள்கை ஆய்வில் நாடறிந்த பிரயாஸ் அமைப்பின் ஆற்றல் குழுவும் இந்நகரத்ததே. கர்வே நகரிலுள்ள பானுபென் நானாவதி மகளிர் கட்டடக்கலைக் கல்லூரி சுற்றுச்சூழல் கட்டடக்கலையில் முதுநிலைப் படிப்பை நடத்திவருகிறது. இவற்றோடு, மோட்டார் ஆலைகளாலும் ஹிஞ்சவடி, கராடி பகுதிகளின் மென்பொருள் வளாகங்களாலும் பெருகிய நகரம் 2017இலும் 2021இலும் சுற்றுக் கிராமங்களை இணைத்துக்கொண்டு சுமார் 516 சதுர கிலோமீட்டராக விரிந்து, பரப்பில் மாநிலத்தின் மிகப் பெரிய மாநகராட்சியாகியுள்ளது. இங்கே கட்டப்படும் அளவும் பெரிது, கட்டுவதை அறிந்து ஆராய்வோரும் பலர்.

புனே மாநகராட்சியின் முதல் முயற்சி, 2000க்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் நடுப்பகுதியில் உருவான சூழல்சார் வீட்டுவசதித் திட்டமாகும். ஈகோ ஹவுசிங் என்ற பெயரில் நகரத்தார் அறிந்த இத்திட்டத்துக்கு அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமை உதவியளித்தது. பன்னாட்டு ஆற்றல் சிக்கன நிறுவனமும் டெரி எனப்படும் ஆற்றல், வளங்கள் கழகமும் புனேயின் அறிவியல் தொழில்நுட்பப் பூங்காவும் இதன் மதிப்பீட்டு அளவுகோல்களை வகுப்பதில் பங்கேற்றன. மனையமைப்பு, சூழலுக்கேற்ற வடிவமைப்பு, கட்டுமானப் பொருள், ஆற்றல் சிக்கனம், நீர்ச்சிக்கனம், குப்பையைத் தரம்பிரித்தல் முதலிய தலைப்புகளில் புள்ளிகள் வழங்கப்பட்டு, அவற்றின் கூட்டுத்தொகைக்கேற்ப கட்டடத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் அளிக்கப்பட்டன. பரிசு இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டது என்பதே இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. கட்டுவோருக்கு அனுமதிக் கட்டணத்தில் கழிவு, குடியிருப்போருக்குச் சொத்து வரியில் தள்ளுபடி என்று இருவருக்கும் பங்களித்ததன் வழியாக, பிளவுண்ட ஊக்கத்தின் இரு பக்கங்களையும் ஒரே விதியில் கொண்டுவரும் எண்ணம் அதில் இருந்தது. பின்னாளில் வந்த பெரும்பாலான சலுகைகளில் இந்தச் சமநிலை காணப்படவில்லை.

அண்டை நகரமான பிம்ப்ரி-சின்ச்வட் இந்த இரட்டை வழியைக் கிரிகா என்னும் தேசியத் தரமதிப்பீட்டோடு பிணைத்தது. டெரியும் மத்திய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகமும் இணைந்து உருவாக்கி 2007இல் தேசிய மதிப்பீடாக ஏற்கப்பட்ட கிரிகாவில், ஒரு நட்சத்திரம் பெறும் திட்டத்துக்குப் பிரீமியத்தில் 10 விழுக்காடும், நட்சத்திரம் ஒவ்வொன்று கூடும்போதும் மேலும் 10 விழுக்காடும் என, ஐந்து நட்சத்திரத்துக்கு 50 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். பிரீமியம் என்பது விதிகளில் தளர்வு கோரும் கட்டுநர் மாநகராட்சிக்குச் செலுத்தும் தொகை. குடியிருப்போருக்கான சொத்து வரித் தள்ளுபடியோ 5 விழுக்காட்டில் தொடங்கி 15 விழுக்காட்டில் நின்றுவிடுகிறது. கட்டுநர் பெறும் கழிவு ஒரே தவணையில் பெருந்தொகையாக வருகிறது. குடியிருப்பவருக்குக் கிடைப்பது ஆண்டுக்கொருமுறை சிறுதொகையாகப் பிரிகிறது. ஆயினும் முப்பதாண்டுக் கணக்கில் இந்தச் சிறுதொகை எவ்வளவாகும் என்று வீடு வாங்குவோரிடம் யாரும் கூட்டிக்காட்டுவதில்லை.

2020ஆம் ஆண்டு டிசம்பரில் மாநில அரசு வெளியிட்ட ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கட்டுப்பாடு, ஊக்குவிப்பு விதிமுறைகள் சலுகையின் அடிப்படையையே மாற்றின. மும்பை நீங்கலாக மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதிக்குப் பொதுவான இவ்விதிகள், பசுமைக் கட்டடங்களுக்குப் பணக்கழிவுக்குப் பதிலாகக் கூடுதல் தளப்பரப்பை வழங்குகின்றன. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைக் கூறும் எண் தளப்பரப்புக் குறியீடு. கட்டுமானத் துறையில் எல்லோரும் எஃப்.எஸ்.ஐ. என்றே சொல்வர். கிரிகாவின் மூன்று நட்சத்திரம், அல்லது இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் வெள்ளித் தரம், அல்லது அமெரிக்க லீட் மதிப்பீட்டின் வெள்ளித் தரம் பெற்றால் அடிப்படைக் குறியீட்டின் மீது 3 விழுக்காடும், நான்கு நட்சத்திரத்துக்கும் தங்கத் தரத்துக்கும் 5 விழுக்காடும், ஐந்து நட்சத்திரத்துக்கும் பிளாட்டினத் தரத்துக்கும் 7 விழுக்காடும் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். அரசு, அரைஅரசு, உள்ளாட்சிக் கட்டடங்களுக்கு மூன்று நட்சத்திரம் அல்லது வெள்ளித் தரம் கட்டாயம்.

இதன் எடையை ஒரு கணக்கு காட்டும். புனேயின் நெரிசலற்ற பகுதிகளில் அடிப்படைக் குறியீடு 1.1 என்பதால், 10,000 சதுர மீட்டர் மனையில் 11,000 சதுர மீட்டர் அடிப்படை உரிமை உண்டு. பிளாட்டினத் தரம் பெற்றால் அதில் 7 விழுக்காடாகிய 770 சதுர மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. பத்துப் பன்னிரண்டு நடுத்தர வீடுகளுக்கு இடமளிக்கக்கூடிய இந்தப் பரப்புக்குத் தனியே நிலம் வாங்க வேண்டியதில்லை என்பதால், அதன் விற்பனை வருவாய் தரமதிப்பீட்டுக் கட்டணத்தையும் ஆலோசகர் ஊதியத்தையும் பன்மடங்கு விஞ்சும். மாநகராட்சிக் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாயும் வெளியேறாததால் ஆட்சியாளருக்கும் இம்முறை உவப்பானது. ஆனால் கூடுதல் தளப்பரப்பின் சுமையை அந்தத் தெருவின் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் தாங்குகின்றன. ஆற்றலைச் சேமிப்பதற்கான பரிசு, ஆற்றல் வேண்டும் பரப்பை மேலும் பெருக்கித் தருவதாக அமைகிறது என்ற முரணும் இதில் உண்டு. 7 விழுக்காட்டு விரிவை ஈடுகட்ட, மீதிக் கட்டடம் வழக்கமானதைவிட ஏறத்தாழ அதே அளவு சிக்கனமாக இயங்கியாக வேண்டும்.

விதியை வகுத்தோர் ஏமாற்றுக்கு இடமுண்டு என்பதை அறியாதவர்கள் அல்லர். வரைபட நிலையில் பெறும் முன்சான்றில் வாக்களித்த தரத்தைக் குடிபுகு சான்று கோரும் வேளையில் எட்டாத கட்டுநர், எட்டாத அளவுக்குரிய கூடுதல் தளப்பரப்புக்கு ஆண்டு மதிப்புப் பட்டியலின்படி நிலமதிப்பின் இருமடங்கை அபராதமாகச் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு எனப்படுவதற்கு இணையானது இப்பட்டியல். இந்தியாவின் பசுமைச் சலுகைகளில் இவ்வளவு கூர்மையான தண்டப்பிரிவு அரிது. எனினும் அதன் பார்வை குடிபுகு சான்றோடு முடிந்துவிடுகிறது. அந்த நாள்வரை கட்டடத்தில் யாரும் வாழ்ந்ததில்லை, மின்தூக்கி ஓடியதில்லை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூதிகள் இரவுபகலாகச் சுழன்றதில்லை. கட்டடம் ஆற்றலை உண்ணத் தொடங்கும் நாளில்தான் சட்டத்தின் கண் மூடிக்கொள்கிறது.

சலுகைக்கு வாயிலாக நிற்கும் மூன்று மதிப்பீடுகளின் பிறப்பு வெவ்வேறானது. லீட், 1993இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் படைப்பு. இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கீழ் 2001இல் ஐதராபாத்தில் உருவான இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் தொடக்கத்தில் லீடை இந்தியாவுக்கேற்ப நடத்திவந்து, பின்னர் தன் சொந்த மதிப்பீடுகளுக்கு முழுமையாக மாறியது. அக்கூட்டமைப்பின் ஐதராபாத் பசுமை வணிக மையம் 2003இல் அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் பெற்ற முதல் கட்டடமாகி, மறு ஆண்டு குடியரசுத் தலைவர் அப்துல் கலாமால் திறந்துவைக்கப்பட்டது. கிரிகா இந்தியச் சூழலையும், குளிர்சாதனம் இல்லாத கட்டடங்களையும் மனத்திற்கொண்டு தொடங்கியது. 2,500 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு கட்டடங்களுக்கு ஸ்வகிரிகா என்ற எளிய வடிவமும் அதற்குண்டு. மூன்றுக்கும் பொதுவானது ஒன்று: நீர், நிலம், பொருள், காற்றுத் தூய்மை, ஆற்றல் எனப் பல தலைப்புகளில் புள்ளி சேர்த்துக் கூட்டித் தரம் சொல்வது. ஆகவே ஆற்றலில் சராசரியாக இருக்கும் கட்டடம் பிற தலைப்புகளில் ஈட்டிய புள்ளிகளால் உயர்ந்த தரத்தை அடைவது கோட்பாட்டளவிலேயே இயலும்.

இது வெறும் ஐயமன்று என்பதற்குச் சான்றுகள் உள்ளன. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்து ஆய்வாளர்கள் லீட் தரம் பெற்ற 100 கட்டடங்களின் மின், எரிவாயுக் கணக்குகளை வழக்கமான கட்டடங்களோடு ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட கட்டுரையில், சதுர அடி அளவில் லீட் கட்டடங்கள் சராசரியாக 18 முதல் 39 விழுக்காடு குறைவாக ஆற்றலைப் பயன்படுத்தின என்றும், ஆனால் அவற்றுள் 28 முதல் 35 விழுக்காடு கட்டடங்கள் தம்மை ஒத்த சாதாரணக் கட்டடங்களைவிட மிகுதியாகவே பயன்படுத்தின என்றும் கண்டனர். வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்ற படிநிலைக்கும் அளந்தறிந்த பயன்பாட்டுக்கும் இடையே தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. கூட்டத்தைப் பார்த்தால் திட்டம் வென்றது. தனித்தனியே பார்த்தால் மூன்றில் ஒன்று தோற்றது. சலுகையோ தனிக்கட்டடத்துக்குத்தான் வழங்கப்படுகிறது. டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையமும் தரம்பெற்ற இந்தியக் கட்டடங்களின் வெளியிடப்பட்ட மின்கணக்குகளை ஆராய்ந்து, உயர்தரச் சான்றுடைய சில கட்டடங்கள் அளவீட்டில் பின்தங்கியிருப்பதைச் சுட்டியதோடு, கணக்கை வெளியிடாத கட்டடத்துக்குச் சலுகை ஏன் என்ற கேள்வியையும் எழுப்பியது. அக்கேள்விக்கு மகாராஷ்டிர விதிகளில் இன்றும் விடையில்லை.

அளந்து தரம் சொல்லும் முறை இந்தியாவுக்குப் புதிதன்று. 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சிக்கனச் சட்டத்தின்படி 2002 மார்ச்சில் அமைந்த மத்திய ஆற்றல் திறன் பணியகம், 2009இல் அலுவலகக் கட்டடங்களுக்கான நட்சத்திரத் திட்டத்தைத் தொடங்கியது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டப்படும் நட்சத்திரத்தைத் தமிழ் வாசகர் அறிவர். அதே பணியகத்தின் இந்தத் திட்டம் ஒரு சதுர மீட்டருக்கு ஓராண்டில் எத்தனை அலகு மின்சாரம் செலவாயிற்று என்னும் ஒரே எண்ணை, தட்பவெப்ப மண்டலத்துக்கேற்ற அளவுகோலோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. இதற்கு வரைபடம் வேண்டாம், முன்சான்று வேண்டாம். ஓராண்டு மின்கட்டணச் சீட்டுகளும் தளப்பரப்பும் போதும். இருந்தும் தளப்பரப்புச் சலுகைக்கான வாயில்களின் பட்டியலில் இத்திட்டம் பெயர்சொல்லி இடம்பெறவில்லை. காரணம் எளிது: கட்டி முடிப்பதற்கு முன் கொடுக்கவேண்டிய சலுகையை, கட்டி முடித்து ஓராண்டு கழிந்தபின் வரும் எண்ணோடு கட்டிவைக்க முடியாது. சலுகையின் காலம்தான் அளவுகோலைத் தேர்ந்தெடுக்கிறதே தவிர, அளவுகோலின் தகுதி அன்று.

பரிசுகளுக்கு அப்பால் கட்டாயச் சட்டமும் மெல்ல வலுத்துவருகிறது. 2007இல் வெளிவந்து 2017இல் திருத்தப்பட்ட ஆற்றல் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட் இணைப்புப் பளுவோ 120 கிலோவோல்ட்-ஆம்பியர் ஒப்பந்தத் தேவையோ உடைய வணிகக் கட்டடங்களுக்கானது. குடியிருப்புகளுக்கென 2018 டிசம்பரில் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை நீங்கலான புறச்சுவர், சன்னல்கள் வழியே வீட்டினுள் நுழையும் வெப்பத்தைச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற வரம்புக்குள் நிறுத்தச் சொல்கிறது. பெரிய கண்ணாடிச் சுவரை நிழலின்றி மேற்கு நோக்கி வைக்கும் வடிவமைப்பு இந்த ஒரு வரம்பிலேயே சிக்கிக்கொள்ளும் என்பதால், புள்ளிப் பட்டியல்களைவிட இதன் பலன் நேரடியானது. 2022ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் பெரிய குடியிருப்புகளையும் விதித்தொகுப்பின் எல்லைக்குள் கொண்டுவர வழிவகுத்தது. எனினும் மாநிலங்கள் தத்தம் சூழலுக்கேற்ப அறிவித்து, உள்ளாட்சியின் கட்டட அனுமதி நடைமுறையில் சேர்த்தாலன்றி இவை ஏட்டிலேயே தங்கிவிடும்.

இந்த விதிகளையும் மதிப்பீடுகளையும் கட்டடத்தோடு பொருத்திப் பார்க்கும் வல்லுநர்கள் இரு வேறு மரபுகளைச் சேர்ந்தவர்கள். முதல் மரபு மதிப்பீட்டு அமைப்புகளிலிருந்து வருகிறது. லீட் வரிசையில் தொடக்கநிலைத் தகுதிக்கு 100 வினாக்களுக்கு 2 மணி நேரத்தில் விடையளித்து, 200க்கு 170 மதிப்பெண் பெற வேண்டும்; அதற்கு மேற்பட்ட சிறப்புத் துறைத் தகுதி உடையோர் இரண்டாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டிச் சான்றைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்தியப் பசுமைக் கட்டட மன்றமும் கிரிகா மன்றமும் தத்தம் பயிற்சிகளையும் தேர்வுகளையும் நடத்தி, அங்கீகாரம் பெற்ற வல்லுநர், சான்றிதழ் பெற்ற வல்லுநர் என்ற பட்டங்களை வழங்குகின்றன. கட்டடக்கலை மாணவர் படிப்பு முடியுமுன்பே இத்தேர்வுகளில் ஒன்றை எழுதிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. புனேயின் ஆலோசனை நிறுவனங்களில் வேலை தேடுவோருக்கு இது ஏறக்குறைய நுழைவுச்சீட்டு. இத்தேர்வுகள் சோதிப்பவை முதன்மையாக அந்தந்த மதிப்பீட்டின் விதிகளில் உள்ள தேர்ச்சியை: எந்தத் தலைப்புக்கு எந்த ஆவணம், எந்த அளவுக்கு எத்தனை புள்ளி என்பவற்றை. அணியில் இத்தகைய வல்லுநர் ஒருவர் இருந்தாலே திட்டத்துக்கு ஒரு புள்ளி கிடைக்கும் என்பது லீடிலும் இந்திய மன்றத்தின் மதிப்பீட்டிலும் உள்ள ஏற்பாடு. தேர்வை நடத்தும் அமைப்பே, அத்தேர்வில் தேறியவரை அமர்த்தியதற்காகக் கட்டடத்துக்குப் புள்ளி வழங்குவது எத்துணைப் பொருத்தம் என்ற கேள்வி இங்கே எழாமலிராது. புள்ளி ஒன்றுதான் என்பது விடையாகாது, ஏனெனில் தங்கத்துக்கும் பிளாட்டினத்துக்கும் இடையே சில வேளைகளில் நிற்பது அந்த ஒன்றுதான்.

இரண்டாம் மரபு சட்டத்திலிருந்து வருகிறது. ஆற்றல் சிக்கனச் சட்டத்தின்படி மிகுதியாக ஆற்றல் நுகரும் ஆலைகளும் நிறுவனங்களும் சான்றிதழ் பெற்ற ஆற்றல் மேலாளரை அமர்த்த வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆற்றல் தணிக்கையாளரைக் கொண்டு கணக்கைச் சோதிக்க வேண்டும். இவர்களுக்கான தேசியத் தேர்வு 2004 முதல் நடைபெறுகிறது; தேசிய உற்பத்தித்திறன் மன்றத்தின் சென்னை அலுவலகமே நெடுங்காலம் அதன் ஒருங்கிணைப்பு மையமாக விளங்கியது. ஆற்றல் மேலாண்மையின் பொதுக்கூறுகள், கொதிகலன் முதலிய வெப்பச் சாதனங்கள், மின்சாதனங்கள் என்னும் மூன்று தாள்களில் தேறுபவர் மேலாளர் ஆகலாம். சாதனங்களின் செயல்திறனை மதிப்பிடும் நான்காம் தாளிலும் தேறுபவரே தணிக்கையாளர் ஆவார். உரிய கல்வித் தகுதியும் துறை அனுபவமும் இல்லாதவர் இத்தேர்வை எழுதவே முடியாது. மின்னோட்டத்தைக் கவ்வி அளக்கும் கருவியோடு பம்ப் அறைக்குள் இறங்கி, பெயர்ப்பலகையில் எழுதியுள்ள திறனுக்கும் உண்மையில் இயங்கும் திறனுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துவரும் தொழில் இது.

முதல் மரபினர் கட்டடம் எழுமுன் வருகிறார்கள், இரண்டாம் மரபினர் எழுந்தபின் வருகிறார்கள் என்பதை மட்டும் வேறுபாடாகக் கொள்வது போதாது. முன்னவருக்கு ஊதியம் தருபவர் சலுகையை நாடும் கட்டுநர். அவருடைய வெற்றி தரச்சான்று கைக்கு வந்ததும் முடிவடைகிறது. பின்னவரின் அறிக்கை கட்டணச் சீட்டோடு மறு ஆண்டு ஒத்துப்பார்க்கப்படக்கூடியது, பொய்த்தால் வெளிப்படும். ஆயினும் சந்தையில் விளம்பரம் முன்னவரின் சான்றுக்கே. பாணேர், வாகட் பகுதிகளில் நெடுஞ்சாலையோரப் பலகைகளில் பிளாட்டின முன்சான்று என்ற சொற்கள் மின்னுகின்றன. ஆற்றல் தணிக்கை அறிக்கையை விளம்பரமாக்கிய வீட்டுத் திட்டம் எளிதில் கண்ணில் படாது. வீடு வாங்குவோர் முன்சான்று என்பது இன்னும் எழாத கட்டடத்தைப் பற்றிய வாக்குறுதி மட்டுமே என்பதை அறிந்துகொள்ள வேண்டிய இடம் இது. 2016ஆம் ஆண்டின் நிலவணிக ஒழுங்குமுறைச் சட்டம், விளம்பரத்தில் கூறிய பொய்த் தகவலை நம்பி இழப்புற்றவருக்கு ஈடு கோரும் உரிமையையும், உடைமை பெற்ற ஐந்தாண்டுக்குள் தெரியவரும் குறைகளைக் கட்டுநரே சீர்செய்ய வேண்டும் என்ற கடமையையும் தந்துள்ளது. வாக்களித்த ஆற்றல் சிக்கனம் கிட்டாமையை இக்குறைகளுள் ஒன்றாக வாதிட இடமுண்டு. ஆனால் அதை மெய்ப்பிக்க இரண்டாம் மரபு வல்லுநரின் அளவீடே வேண்டும்.

சலுகையில்லாமலே சிறந்த கட்டடங்கள் எழுந்த வரலாறும் புனேக்கு உண்டு. ஹடப்சரில் 2009இல் நிறைவுற்ற சுஸ்லான் நிறுவனத்தின் தலைமையகமான ஒன் எர்த் வளாகம், புனேயில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் பெனிங்கரின் வடிவமைப்பு. லீட் பிளாட்டினமும் கிரிகாவின் ஐந்து நட்சத்திரமும் பெற்றது. முற்றங்களைச் சூழ்ந்த தாழ்ந்த மாடிகள், வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் தடுப்புப் பட்டைகள், வளாகத்துக்குள்ளேயே சிறு காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் என அதன் சிறப்புகள் பலமுறை எழுதப்பட்டவை. இங்கே நோக்கத்தக்கது வேறொன்று: கட்டியவரும் குடியிருந்தவரும் மின்கட்டணம் செலுத்தியவரும் ஒருவரே. பிளவே இல்லாத இடத்தில் ஒட்டுவதற்குச் சலுகை தேவைப்படவில்லை. 2024இல் அவ்வளாகம் ஏறத்தாழ 440 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டு, அதே நிறுவனம் அங்கே வாடகைக்கு அமர்ந்திருக்கிறது. இனி அந்தக் கட்டடத்திலும் உரிமையாளரும் பயனாளரும் வெவ்வேறு. உழவர் குடும்பங்கள் தம் நிலங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய மகர்பட்டா நகரமும் சூரிய வெந்நீர்க் கலன்களையும் மண்புழு உரக்குழிகளையும் எரிவாயுக் கலனையும் அமைத்துக்கொண்டதில், நிலத்தை விற்று விலகாமல் பங்குதாரராகத் தொடர்ந்த நிலையே பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

பரிசைக் காட்டிலும் ஆணை விரைந்து பலன் தரும் என்பதற்குத் தமிழ்நாடு ஒரு சான்று. 2003ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது எவருக்கும் கூடுதல் தளப்பரப்பு தரப்படவில்லை. சில மாதங்களில் மாநிலமெங்கும் மொட்டைமாடிக் குழாய்கள் மண்ணை நோக்கித் திரும்பின. பின்னாளில் பராமரிப்பு தளர்ந்ததும், தூர்ந்த உறைகிணறுகளை எவரும் வந்து பார்க்காததும் அதே வரலாற்றின் பகுதி. சிங்கப்பூர் இரு வழிகளையும் வரிசைப்படுத்திக் கையாண்டது: 2005இல் கிரீன் மார்க் மதிப்பீட்டைத் தன்விருப்பத் திட்டமாகத் தொடங்கி, 2008இல் குறைந்தபட்சத் தரத்தை எல்லாப் புதிய பெருங்கட்டடங்களுக்கும் சட்டமாக்கியபின், அதற்கு மேற்பட்ட உயர்தரங்களுக்கு மட்டும் 2009இலிருந்து கூடுதல் தளப்பரப்பை, அதுவும் 2 விழுக்காட்டு வரம்புக்குள், வழங்கியது. மகாராஷ்டிரத்தின் 7 விழுக்காடு அதன் அருகே தாராளமாகவே தோன்றுகிறது.

மீண்டும் சொத்து வரிக்கு வந்தால், சூரிய ஆற்றல், மழைநீர் சேகரிப்பு, மண்புழு உரம் ஆகியவற்றுள் ஒன்றை அமைத்துக்கொண்ட வீடுகளுக்கு 5 விழுக்காடும், ஒன்றுக்கு மேற்பட்டவற்றை அமைத்தோருக்கு 10 விழுக்காடும் புனே மாநகராட்சி தள்ளுபடி தருகிறது. இத்தொகை குடியிருப்போரின் கண்ணில் படாததற்கு ஒரு காரணம், சொந்தக் குடியிருப்புக்கு 1970 முதல் வழங்கப்பட்டு, இடையில் நிறுத்தப்பட்டு, 2023இல் மீட்கப்பட்ட 40 விழுக்காட்டுக் கழிவின் நிழலில் அது மறைந்துபோவதாகும். மற்றொரு காரணம், ஒருமுறை பெற்ற தள்ளுபடி கேள்வியின்றித் தொடர்ந்தது. அண்மை ஆண்டுகளில் அலுவலர்கள் நேரில் சென்று பார்க்கத் தொடங்கியபோது இயங்காத அமைப்புகள் பல வெளிப்பட்டு, அவற்றுக்குரிய தள்ளுபடி விலக்கப்பட்ட செய்திகள் வந்துள்ளன. இதைத் திட்டத்தின் தோல்வி என்று கருதுவது பிழை. கொடுத்த சலுகையைத் திரும்பப் பெற முடிந்த ஒரே இடம் இதுதான். கட்டி விற்றுவிட்ட 770 சதுர மீட்டரை எந்த ஆணையராலும் திரும்பப் பெற இயலாது. அடுத்த ஆண்டின் வரிச்சீட்டிலிருந்து 10 விழுக்காட்டை நீக்குவதற்கு ஓர் எழுத்தர் போதும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டமும் இதே தருக்கத்தில் அமைந்தது: கூரையில் தகடு நிறுவப்பட்டு மின்கட்டமைப்போடு இணைந்து இயங்கத் தொடங்கிய பின்னரே, தனி வீட்டுக்கு 78,000 ரூபாய் வரையும், குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் நுகர்வோரையே சேர்கின்றன.

ஆகவே புனேயின் அனுபவம் சுட்டும் திருத்தம் பெரிய புதுத்திட்டம் எதுவுமன்று. ஆண்டுதோறும் திரும்ப வரும் சொத்து வரித் தள்ளுபடியை, பொருத்தப்பட்ட சாதனங்களின் பட்டியலோடு நிறுத்தாமல், பொதுப்பகுதி மின்கணக்கின் மீது சில ஆண்டுகளுக்கொருமுறை ஆற்றல் தணிக்கையாளர் தரும் அறிக்கையோடு பிணைப்பதும், தளப்பரப்புச் சலுகையின் ஒரு பகுதிக்கு ஈடான வைப்புத்தொகையைக் கட்டுநரிடமிருந்து பெற்று, குடியேறி ஓரிரு ஆண்டுகள் கழிந்தபின் அளவீட்டைப் பார்த்துத் திருப்பியளிப்பதும் நடப்பு விதிகளின் போக்கிலேயே செய்யக்கூடியவை. இடர் வேறிடத்தில் உள்ளது. கிரிகாவின் தரச்சான்று ஐந்தாண்டுகளுக்கே செல்லும். புதுப்பிக்கும் வேளையில் கட்டுநர் வேறு மனைக்குப் போயிருப்பார், அதற்கான செலவைக் குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்குழு ஒப்ப வேண்டும். சில நூறு வீடுகள் கொண்ட கராடி வளாகத்துக்கு வீட்டுக்குச் சில நூறு ரூபாயாகப் பிரிந்துவிடும் அத்தொகை, சதாசிவ பேட்டையிலோ எரண்டவணேயிலோ பதினாறு, இருபது வீடுகளே உள்ள சங்கத்துக்கு ஓராண்டுத் தள்ளுபடியையே விழுங்கிவிடும். மறுகட்டுமானத்துக்குப் போகும் பழைய சங்கங்களில் பல இந்த அளவினவே. அவற்றுக்கு வார்டுதோறும் ஒரு தணிக்கையாளரை மாநகராட்சியே அமர்த்துவதா, மேடாவின் நிதியிலிருந்து கட்டணத்தைப் பகிர்வதா என்பது இன்னும் விவாதத்துக்கே வராத கேள்வி.